டெம்ப்ஸ்டர் சரளைச் சாலையில் ஆர்க்டிக் கடல் வரை: முதல்முறை போகிறவர்களுக்கு

கனடாவின் வடக்கே ஓடும் டெம்ப்ஸ்டர் சாலையின் நடுவழித் தங்குமிடமான ஈகிள் பிளெயின்ஸில் நானும் மனைவியும் இரண்டு நாள் முழுதாக மாட்டிக்கொண்டோம். வழியில் ஒரு டயர் கிழிந்துவிட்டது. வண்டியில் இருந்த ஸ்டெப்னியோ நகரத்துக்குள் ஓட்டுவதற்கான ஒல்லிச் சக்கரம். அதை மாட்டிக்கொண்டு ஊர்ந்து போய்ச் சேர்ந்து, டயர் வேலை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, வடக்கே சாலையை மூடிவிட்டார்கள். விமான டிக்கெட் தேதி நெருங்கியதால் கடலைப் பார்க்காமலே திரும்பினோம். அடுத்த ஆண்டு ஒழுங்காகத் தயாராகிப் போனோம், சாலை முடியும் டுக்டோயாக்டுக் ஊரில் ஆர்க்டிக் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தோம்.

இரண்டு பயணத்திலும் நான் ஓட்டிய விதம் ஏறக்குறைய ஒன்றுதான். கிளம்புவதற்கு முன் செய்த வேலையில்தான் வித்தியாசம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் புறப்படுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் சாலையைப் புரிந்துகொள்ளுங்கள். கனடாவின் யூகான் பிரதேசத்தில், டாசன் சிட்டிக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தள்ளி, கிளாண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து டெம்ப்ஸ்டர் சாலை பிரிகிறது. அங்கிருந்து வடமேற்குப் பிரதேசத்தின் இனுவிக் நகரம் வரை ஏறக்குறைய 740 கி.மீ., பெரும்பாலும் சரளை. இனுவிக்கிலிருந்து டுக்டோயாக்டுக் வரை இன்னும் 140 கி.மீ. அளவுக்குச் சரளை. இந்தக் கடைசித் துண்டு 2017 நவம்பரில்தான் திறந்தது. சாலை பிரியும் இடத்திலிருந்து ஈகிள் பிளெயின்ஸ் வரும் 369 கி.மீ. வரை ஊர் இல்லை, கடை இல்லை, போன் சிக்னல் இல்லை.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

வழியில் பீல், மெக்கன்சி என்று இரண்டு ஆறுகள். இரண்டிலும் பாலம் கிடையாது. கோடையில் படகு வண்டியை ஏற்றிக் கடத்தும். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே சாலை போடுவார்கள். நடுவில், பனிக்கட்டி உடையும் வசந்த காலத்திலும் உறையத் தொடங்கும் இலையுதிர் காலக் கடைசியிலும், சில வாரங்கள் இரண்டுமே இருக்காது. மே மாதத்தில் விடுமுறை கிடைக்கிறது என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்ற காலம். ஜூனிலும் ஜூலை நடுப்பகுதி வரையிலும் இனுவிக்கில் சூரியன் மறையாது, கொசு மட்டும் பிடுங்கி எடுக்கும். ஆகஸ்ட் கடைசியில் கொசு குறைந்துவிடும், தூந்திர நிலம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக மாறும், இரவில் வட துருவ ஒளியும் தென்படலாம். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் 20ஐ ஒட்டிக் கிளம்புங்கள் என்பேன். மலைப்பகுதியில் அப்போதே பனி தூறக்கூடும் என்பதால் குளிர் உடுப்பு கட்டாயம்.

2. பன்னிரண்டு நாள் ஒதுக்குங்கள்

விமானத்தில் வைட்ஹார்ஸ் போய் இறங்கி அங்கே வண்டி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். என் கணக்கு இது. வைட்ஹார்ஸிலிருந்து டாசன் 530 கி.மீ. சொச்சம், ஒரு நாள். டாசனில் ஒரு நாள் தங்கித் தயாராக வேண்டும். அப்புறம் டூம்ஸ்டோன் பூங்காவில் ஒரு இரவு, ஈகிள் பிளெயின்ஸில் ஒரு இரவு, அதற்கடுத்த நாள் இனுவிக். டுக்டோயாக்டுக் போய்வர ஒரு நாள், இனுவிக்கில் ஓய்வு ஒரு நாள். திரும்ப மூன்று நாள். ஆகப் பத்து.

மீதி இரண்டு நாள் எதற்கும் ஒதுக்காத நாள். அதை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். மழையில் மண் கரைந்தால் சாலையை மூடுவார்கள், காற்று பலமாக அடித்தால் படகு நிற்கும், ஆற்றில் நீர்மட்டம் மாறினால் படகுத்துறையைச் சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டும். முதல் முறை நாங்கள் எட்டே நாளில் போய்வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கில் மழைக்கு இடமே இல்லை.

3. வாடகை வண்டி: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

இங்கேதான் பலர் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் சரளைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். இணையத்தில் பதிவு செய்யும்போது அது கண்ணில் படாது. வண்டி எடுக்கும்போது கவுன்டரில் இருப்பவர் "பரவாயில்லை, பார்த்து ஓட்டுங்கள்" என்று வாயால் சொல்லலாம். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். திரும்பி வந்தபோது டயருக்கும் கண்ணாடி விரிசலுக்கும் முழுப் பணத்தையும் என்னிடமே வசூலித்தார்கள். வாய்ச்சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை.

வைட்ஹார்ஸில் டெம்ப்ஸ்டருக்கென்றே வண்டி தரும் நிறுவனங்கள் உண்டு. வாடகையும் முன்பணமும் கூடுதலாக இருக்கும், கொடுங்கள். முன்பதிவின்போது மின்னஞ்சலில் இந்தக் கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ஸ்டர், இனுவிக், டுக்டோயாக்டுக் என்று பெயர் சொல்லி அனுமதி உண்டா? டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி காப்பீட்டில் சேருமா? வழியில் நின்றுவிட்டால் இழுத்துவரும் செலவு யாருடையது? எத்தனை ஸ்டெப்னி, முழு அளவா? ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு உண்டா?

இழுத்துவரும் செலவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நடுவழியில் நின்றால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வண்டி வரவேண்டும், ஆயிரக்கணக்கில் டாலர் ஆகிவிடும்.

கிரெடிட் கார்டில் வாடகைக் கார் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று. வாடகை ஒப்பந்தத்தை மீறினால் கார்டு காப்பீடு கைகொடுக்காது. பிக்கப் போன்ற வண்டிகளை அடியோடு விலக்கிவைக்கும் கார்டுகளும் உண்டு. வங்கியைக் கூப்பிட்டு, நீங்கள் எடுக்கப்போகும் வண்டியின் வகையைச் சொல்லிக் கேளுங்கள்.

கோடைக்கான வண்டிகள் கொஞ்சம்தான் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

4. ஆவணங்கள்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்குக் கனடா வருகையாளர் விசா வேண்டும். கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைப் பதிவுக்கு 85. விசா கிடைக்கும் வேகம் காலத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், விசா கைக்கு வந்தபிறகே வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள். மற்ற எதையும் அதற்கு முன்னால் செய்யலாம், இதை மட்டும் வேண்டாம்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் உரிமம் இல்லாமல் அந்த அனுமதியை மட்டும் காட்டினால் வண்டி தர மாட்டார்கள். கணவன், மனைவி இருவருமே ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும்.

யூகானிலிருந்து வடமேற்குப் பிரதேசத்துக்குப் போகும் எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இல்லை. ஆனால் டாசனிலிருந்து மேற்கே அலாஸ்காவுக்கும் ஒரு சாலை போகிறது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று அங்கேயும் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் அமெரிக்க விசா தனியாக வேண்டும், வண்டியை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகவும் வாடகை நிறுவனம் அனுமதி தந்திருக்க வேண்டும்.

விசா, உரிமம், ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றையும் தாளில் நகல் எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் மின்னஞ்சலைத் திறந்து காட்ட முடியாது.

5. டயர், கருவிகள்

இந்தச் சாலையின் சரளை ஆற்றுக் கூழாங்கல் மாதிரி மழுங்கியிருக்காது. சில பகுதிகளில் உடைந்த பாறைச் சில்லுகள் கத்தி போல நிற்கும். சாதாரணக் கார் டயரின் பக்கச்சுவர் அதில் சீக்கிரம் கிழியும். லாரி வகையைச் சேர்ந்த பத்து அடுக்கு டயர் போட்ட வண்டி கிடைத்தால் பாதிக் கவலை போய்விடும். முழு அளவு ஸ்டெப்னி ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் மிகவும் நல்லது.

பஞ்சர் அடைக்கும் பொருட்கள், வண்டி சாக்கெட்டில் இயங்கும் சிறு காற்றடிப்பான், ஜாக்கி, வீல் ஸ்பேனர். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிக்கு ஓர் அடி தடித்த பலகை. இந்தப் பலகையை யாரும் சொல்வதில்லை. மென்மையான சரளையில் ஜாக்கி கீழே போகும், வண்டி மேலே வராது. ஓரத்தில் மண்டியிட்டு முக்கால் மணி நேரம் போராடியபிறகுதான் எனக்கு அது புரிந்தது.

வண்டியை வாங்கியவுடனே, அந்த நிறுத்துமிடத்திலேயே, ஸ்டெப்னியைக் கீழே இறக்கிப் பாருங்கள். காற்று இருக்கிறதா, ஜாக்கி பொருந்துகிறதா, ஸ்பேனர் நட்டில் உட்காருகிறதா என்று பார்க்க இருபது நிமிடம் போதும். இவற்றோடு கண்ணாடி கழுவும் நீர், பழைய துணி, தலைவிளக்குத் துடைக்க ஒரு வாளி. சேறு காய்ந்தால் பின்விளக்கே தெரியாது.

6. பெட்ரோல் கணக்கு

டாசனில் தொட்டி வழிய நிரப்புங்கள். அடுத்த பெட்ரோல் ஈகிள் பிளெயின்ஸில், ஏறக்குறைய 410 கி.மீ. தள்ளி. அதன்பின் சுமார் 180 கி.மீ.இல் ஃபோர்ட் மெக்பர்சன், அங்கிருந்து இன்னொரு 185 கி.மீ.இல் இனுவிக். எதிர்க்காற்றும் ஏற்றமும் சேர்ந்தால் வண்டி வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். 500 கி.மீ. ஓடாத தொட்டி என்றால் 20 லிட்டர் கேன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிலையத்தைப் பார்த்தால் முள் பாதியில் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள், மின்சாரம் போய் பம்ப் வேலை செய்யாத நாளும் வரும்.

வைட்ஹார்ஸிலிருந்து கடல் வரை போய்வர மொத்தம் சுமார் 2,900 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 350 லிட்டர். லிட்டருக்குச் சராசரி 2 டாலருக்குக் குறையாமல் போட்டுப் பாருங்கள், 700 டாலர். வடக்கே போகப்போக விலை ஏறும் என்பதால் நாங்கள் 900 ஒதுக்கினோம்.

7. சிக்னல் இல்லாத இடத்தில் உதவி

டாசனைத் தாண்டினால் ஃபோர்ட் மெக்பர்சன் வரை கைபேசி வெறும் கேமராதான். புதிய ஐபோனில் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். 62 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே அது கிடைக்காமல் போகலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. டாசனே 64 டிகிரியில் இருக்கிறது, டுக்டோயாக்டுக் 69ஐத் தாண்டி. இரிடியம் செயற்கைக்கோள்களோடு பேசும் தனிக் கருவி வேண்டும், கார்மின் இன்ரீச் போல. வாடகைக்கும் கிடைக்கும். ஊரில் ஒருவரிடம் உங்கள் வழியையும் நாட்களையும் எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் இரவு ஒரு செய்தி அனுப்புவதாகச் சொல்லிவையுங்கள்.

வண்டி நின்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். அந்தச் சாலையில் போகிறவர்கள் நின்று கேட்காமல் தாண்டிப் போவதில்லை. எங்களுக்கு டயர் மாற்ற உதவியவர் இனுவிக்குக்குச் சரக்கு ஏற்றிப் போன லாரி ஓட்டுநர். நீங்களும் ஓரமாக யாராவது நின்றால் நிறுத்திக் கேளுங்கள்.

8. தங்குமிடம், சாப்பாடு

யூகான் பகுதியில் மூன்று அரசு முகாம்கள்: டூம்ஸ்டோன், எஞ்சினியர் கிரீக், ராக் ரிவர்.  டூம்ஸ்டோனில் மாலைக்குள் போய்விடுங்கள். கூடாரம் வேண்டாம் என்றால் ஈகிள் பிளெயின்ஸில் ஒரே ஒரு ஹோட்டல், அறையைப் பல வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பெட்ரோலும் டயர் வேலையும் அங்கேயே. இனுவிக்கில் ஹோட்டலும் முகாமும் உண்டு.

சாப்பாட்டை வைட்ஹார்ஸில் வாங்குங்கள், வடக்கே எல்லாம் லாரியில் வந்து சேர்வதால் விலை கூடுதல். சைவம் சாப்பிடுகிறவர்கள் நான்கு நாளைக்குச் சமாளிக்கும்படி கொண்டுபோங்கள். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, அரிசி, சின்ன கேஸ் அடுப்பு இருந்தால் போதும். நாங்கள் மாட்டிக்கொண்ட அந்த இரண்டு நாளில் புளிச்சோறுதான் தெம்பு கொடுத்தது. குடிநீர் ஆளுக்கு 10 லிட்டர். எஞ்சினியர் கிரீக் ஓடையின் நீர் தாதுக்களால் சிவந்திருக்கும், எடுக்காதீர்கள்.

கரடி நாடு அது. சமைத்த பாத்திரம், பற்பசை, குப்பை எதையும் கூடாரத்தில் வைக்காமல் வண்டிக்குள் பூட்டுங்கள். கரடி ஸ்பிரே வைட்ஹார்ஸில் வாங்கலாம். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் திரும்பும்போது யாருக்காவது கொடுத்துவிட்டு வர வேண்டும்.

9. டாசனில் கடைசி நாள்

யூகானுக்கு 511 சாலை நிலவரத் தளம், வடமேற்குப் பிரதேசத்துக்கு அவர்களுடைய தனித் தளம். இரண்டையும் பார்க்க வேண்டும், ஒன்றில் மற்றதன் செய்தி முழுதாக இருக்காது. டாசனில் வடமேற்குப் பிரதேசத்தின் தகவல் நிலையம் ஒன்று கோடையில் திறந்திருக்கும். அங்கே போய், படகுகள் ஓடுகின்றனவா, வடக்கே மழை உண்டா என்று நேரில் கேளுங்கள். அடுத்த இரண்டு நாளும் மழை என்றால் டாசனிலேயே இருங்கள். காத்திருக்க அதுதான் வசதியான இடம்.

10. ஓட்டும்போது

மணிக்கு 70 கி.மீ. போதும், கூர்கல் பகுதியில் 50. சாலை நன்றாக இருக்கிறதே என்று 90ஐத் தொடும்போதுதான் டயர் போகும். அடியில் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண் உருகாமலிருக்கச் சாலையை உயரமான சரளை மேட்டின் மேல் போட்டிருக்கிறார்கள், அதனால் இரு ஓரமும் மென்மையாகச் சரியும். படம் எடுக்க ஓரம் கட்டும்போது விளிம்புக்குப் போகாதீர்கள், அகலமான நிறுத்துமிடம் வரும்வரை பொறுங்கள்.

எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கிவிடுங்கள். கண்ணாடி உடைவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். விளக்கு எப்போதும் எரிய வேண்டும். தூசி அடங்கக் கால்சியம் குளோரைடு போட்ட பகுதிகள் மழையில் வழவழவென்று ஆகிவிடும், சட்டென்று பிரேக் மிதிக்கக் கூடாது.

405ஆவது கி.மீ.இல் ஆர்க்டிக் வட்டம், பலகை இருக்கும். 465இல் பிரதேச எல்லை. அங்கே இரண்டு விஷயம் மாறும். கி.மீ. பலகை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். படகு நேரமெல்லாம் அந்தப் பக்கத்து நேரப்படிதான்.

11. இரண்டு படகுகள்

எல்லையிலிருந்து 74 கி.மீ.இல் பீல் ஆறு, 142இல் மெக்கன்சி. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கோடையில் காலை 9 மணி அளவில் தொடங்கி இரவு வெகுநேரம் வரை ஓடும், அன்றைய நேரத்தைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கன்சிப் படகு சீகெச்சிக் ஊருக்கும் போகும் என்பதால், ஏறும்போதே "இனுவிக்" என்று ஊழியரிடம் சொல்லுங்கள். படகேறும் சரிவு வெறும் சரளைக் குவியல், தாழ்வான வண்டியின் முன்பக்கம் இடிக்கும். மெல்ல, அவர்கள் கைகாட்டும்படி ஏற்றுங்கள்.

12. இனுவிக்குக்கு அப்பால்

கடைசி 140 கி.மீ.இல் எந்த வசதியும் இல்லை, மழையில் இந்தப் பகுதிதான் மிக மோசம். போக மூன்று மணி நேரம் வையுங்கள். டுக்டோயாக்டுக் இனுவியாலுயிட் மக்களின் ஊர். மீன் உலர்த்தும் பந்தல்கள், வீடுகள், குழந்தைகள் எதையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டால் நின்று பேசுவார்கள். ஊருக்கு அருகே நிலத்தடிப் பனி உந்தி எழுப்பிய பிங்கோ குன்றுகள் இருக்கின்றன. அவற்றில் இப்யுக் 49 மீட்டர் உயரம், கனடாவிலேயே பெரியது. மேலே ஏற வேண்டாம், தரை சிதையும். தள்ளி நின்றாலே அந்த உயரம் மனதை நிறைக்கும்.

13. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன்

டாசனுக்கு வந்ததும் முதல் வேலை வண்டி கழுவுவது. கால்சியம் குளோரைடு கலந்த சேறு சிமெண்டு மாதிரி இறுகும், அடிப்பகுதியில் தங்கினால் இரும்பை அரிக்கும். சுத்தம் செய்யாமல் கொடுத்தால் தனியாகக் கட்டணம் போடும் நிறுவனங்கள் உண்டு. கழுவியபிறகு நான்கு பக்கமும், கண்ணாடி, ஒவ்வொரு டயர், கிலோமீட்டர் மீட்டர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். வண்டியை வாங்கிய அன்றும் இதே படங்களை எடுத்திருக்க வேண்டும். கல் பட்ட புள்ளி ஒன்று இருந்தாலும் நீங்களே முதலில் சொல்லி, ஒப்படைத்த தாளில் எழுதவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முன்பணம் கார்டுக்குத் திரும்பி வரும் வரை அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.